மறு: கெரிமாண்டரிங் - தமிழ்ல என்னன்னு சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம்,

இழைல இருந்த எல்லா மெயிலையும் இப்பதான் உக்காந்து படிச்சு முடிச்சேன். கெரிமாண்டரிங்னா தன் கட்சி ஜெயிக்கற மாதிரி தொகுதிக் கோட்டை மாத்தி வரையறது, அதுக்குத்தான் தமிழ்ல ஒரு சொல் தேடறோம். "தொகுதி மறுவரையறை"ன்னே விட்டுடலாமேன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. அது டீலிமிட்டேஷனுக்கு ஏற்கனவே நிலைச்சுப்போன சொல், அதுல தப்பு எதுவும் இல்ல, ஜனத்தொகை மாறினா கோட்டையும் மாத்தித்தானே ஆகணும். நமக்கு வேண்டியது அந்தக் கோட்டை போடறவன் மனசுல இருக்கற கள்ளத்துக்கு ஒரு பேரு.

> சாலமாண்டர்லேர்ந்து வந்ததுதானே, "ஓணான்வரை"ன்னு வெச்சா என்ன?

சாலமாண்டர் ஓணான் இல்லைங்க, பல்லியும் இல்ல, தவளையோட பங்காளி. அது போகட்டும். 1812 பிப்ரவரில மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தன்னோட ரிபப்ளிகன் கட்சிக்காரங்க (இன்னைக்கு இருக்கற ரிபப்ளிகன் இல்ல, ஜெஃபர்சன் ஆளுங்க) மாநில செனட் தொகுதிகளை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டின சட்டத்துல கையெழுத்து போட்டார். மனசில்லாமதான் போட்டார்னு அவர் மருமகன் எழுதின வரலாறு சொல்லுது, மருமகன் வேற எப்படி எழுதுவார். அடுத்த மாசம் 26ஆம் தேதி பாஸ்டன் கெஜட்ல ஒரு கார்ட்டூன் வந்துச்சு. எசெக்ஸ் கவுன்ட்டியோட ஓரத்தையே சுத்திக்கிட்டுப் போற ஒரு தொகுதி, அந்த மேப் மேலயே றெக்கை, நகம், வாய் எல்லாம் வரைஞ்சு விட்டுட்டாங்க. கெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்துதான் கெரிமாண்டர். உடம்பு பூரா ஊர் பேர், சாலம், லின், ஆண்டோவர்னு. அதுல மார்பிள்ஹெட்டும் இருக்கு, கெர்ரி பொறந்த ஊரே அதுதான்!

நான் சொல்ல வர்றது இதுக்கு அப்புறம் நடந்தது. ஏப்ரல்ல எலெக்‌ஷன், அப்பல்லாம் அங்க கவர்னருக்கு வருஷா வருஷம் தேர்தல். செனட்ல எதிர்க்கட்சியான பெடரலிஸ்ட் கட்சிக்கு மொத்தமா 51,766 வோட்டு, கெர்ரி கட்சிக்கு 50,164. ஆனா சீட்டு? கம்மி வோட்டு வாங்கினவங்களுக்கு 40ல 29, மத்தவங்களுக்கு 11. அதே தேர்தல்ல கெர்ரி தோத்துட்டார், ஒரு லட்சத்துக்கு மேல விழுந்த வோட்டுல ஆயிரத்து சொச்சம் வித்தியாசத்துல கேலப் ஸ்ட்ராங் ஜெயிச்சார். ஏன்னா கவர்னர் பதவிக்கு மாநிலம் முழுசும் ஒரே தொகுதி, அங்க வெட்டறதுக்கு கோடே கிடையாது. சூத்திரம் கட்சியைக் காப்பாத்திச்சு, பேரை மட்டும் இவர் தலைல கட்டிட்டு போச்சு. (அடுத்த வருஷமே அமெரிக்க ஜனாதிபதி மேடிசன்கிட்ட துணை ஜனாதிபதி ஆயிட்டார், அதனால ரொம்ப பாவப்பட வேண்டாம்.)

> கோணல்மாணலா இருக்கறதால "கோணல்வரை" - கேக்கவும் மாண்டர் மாதிரியே இருக்கு

காதுக்கு நல்லாத்தான் இருக்கு, நானும் ஒரு நாள் முழுக்க இதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா வடிவம் கோணலா இருந்தாதான் குத்தம்னு ஆயிடும். எதிராளி வோட்டை எல்லாம் ரெண்டு மூணு தொகுதிக்குள்ள அடைச்சுட்டு மிச்சத்தை அங்கங்க சிதற விட்டா போதும், ஸ்கேல் வெச்சு சதுரமா வரைஞ்சும் இதைச் செய்யலாம். "வரைமோசடி"யும் ஒத்து வராது, மோசடின்னா சட்டப்படி குத்தம், 1812ல நடந்ததே சட்டம் போட்டுத்தானே.

என் ஓட்டு "எல்லைச்சூது"க்கு. சூதுன்னா ஏமாத்தும் வரும், ஆட்டமும் வரும், ரெண்டுமே இங்க உண்டு. "எசெக்ஸ்ல எல்லைச்சூது பண்ணாங்க"ன்னு வாயில தடுக்காம வருது.

---

ஐயா, எல்லைன்னா நாட்டு எல்லை, பார்டர் சண்டைன்னு ஜனங்க நினைச்சுக்க மாட்டாங்களா? "தொகுதிச்சூது"ன்னா குழப்பமே இல்லையே. இன்னொண்ணு, கெர்ரியை "ஆளுநர்"னு போட்டா நம்ம ராஜ்பவன்ல டெல்லி நியமிச்சு உக்கார்றவர் மாதிரி ஆயிடுது, அவர் வோட்டு கேட்டு நின்ன ஆளாச்சே.

---

தம்பி, நீங்க சொன்னதுதான் சரி, தலைப்புச் செய்தில "எல்லைச்சூது"ன்னு பாத்தா நானே ராணுவம்னுதான் நினைப்பேன். "தொகுதிச்சூது"ன்னே நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடறேன், "கோணல்வரை"யை அந்த மாதிரி வடிவத்துல இருக்கற தொகுதிக்கு மட்டும் தனியா வெச்சுக்கலாம், வீணாக்க மனசு வரல. பேரை ஒலிபெயர்க்கறப்ப ஆளுக்கு "கெ" போடுங்க, அவர் பேரை அப்படித்தான் சொல்வாங்க, அந்த ஊர்க்காரங்க சொல்லை மட்டும் "ஜெ"ன்னு மாத்திட்டாங்க, நாம ரெண்டுக்கும் "கெ"வே வெச்சா ஒண்ணும் முழுகிடாது.

ஆளுநர் பஞ்சாயத்து பெருசு, அதுக்கு தனி இழை ஆரம்பிங்க. அதுவரைக்கும் நான் கவர்னர்னே எழுதறேன்.