ஓடும் துகள்கள் பருமன்வாரியாகப் பிரிவது: 'கொழிப்பு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடும் துகள்கள் பருமன்வாரியாகப் பிரியும் நிகழ்வுக்கு (particle-size segregation) தமிழ்ச் சொல்லாகப் போன மடலில் வந்த 'தனிப்படுத்தல்' எனக்கு ஒப்பவில்லை. தனிப்படுத்த ஓர் ஆள் வேண்டும். இங்கே ஓட்டமே பிரித்துவிடுகிறது. காரைக்குடியில் வீடு கட்டும் இடத்தில் டிப்பர் லாரி ஜல்லியும் தூளும் கலந்து கொட்டுவதைப் பாருங்கள். பெரிய கல் சரிவில் உருண்டு அடிவாரத்தில் போய் நிற்கும், தூள் நடுவிலேயே தங்கிவிடும். ஓரத்தில் மண்வெட்டி போட்டால் கல்தான் வரும்.

சரியும்போது துகள்களுக்கு இடையே இடுக்குகள் திறந்து திறந்து மூடுகின்றன. சிறியது சட்டென்று விழுந்துவிடும், பெரியதற்கு அந்த இடம் போதாது. கீழே நெரிசல் கூடக்கூடப் பெரியவை மேலே பிதுங்கும். மேலடுக்கு வேகமாக ஓடுவதால் அவை முகப்புக்குப் போய்ச் சேரும். நிலச்சரிவுச் சேற்றின் முன்னால் பாறைகள் திரண்டு வருவது இப்படித்தான்.

இடுக்கில் விழுவதை சாவேஜ், லுன் என்ற ஆய்வாளர்கள் 1988இல் கணக்காக்கினார்கள். 2005இல் கிரேயும் தார்ன்டனும் எழுதிய சமன்பாட்டில், பிரியும் பாய்வு (ஒரு பரப்பை ஒரு நொடியில் கடக்கும் துகள் அளவு) சிறியவை, பெரியவை இரண்டின் கன அளவுப் பங்குகளையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. ஒரே பருமன் மட்டும் உள்ள இடத்தில் அது சுழியாகிவிடும். துகள்கள் ஒழுங்கின்றி அங்குமிங்கும் அசைந்து பரவி மறுபடி கலக்கவைக்கும் விரவலை கிரேயும் சுகுனோவும் 2006இல் சேர்த்தார்கள்.

'சலிப்பு' என்று போடலாமென்றால் மனச்சலிப்பு குறுக்கே வருகிறது. அதோடு சல்லடைக்கண் மாறாதது; இங்கே கண் நொடிக்கு நொடி மாறுகிறது. நம் ஆச்சிமார் முறத்தில் அரிசி கொழிக்கும்போது கண்ணே கிடையாது. அசைவிலேயே குருணை ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் ஒதுங்கும். ஆகவே 'கொழிப்பு' என்கிறேன். பெரியவை மேலேறுவதற்குப் 'பிதுக்கம்'.

---

ஐயா, வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

'பிதுக்கம்' அருமை, அதைத் தொடவே வேண்டாம். 'கொழிப்பு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செல்வக் கொழிப்பு நினைவுக்கு வருவதை இடம் பார்த்துச் சமாளித்துவிடலாம். நிகழ்வுக்கும் அது நடக்கும் வழிக்கும் ஒரே சொல்லாகிவிடுவதுதான் சிக்கல். கலத்தைக் குலுக்கினாலும் பெரியது மேலே வரும். ஆனால் அங்கே துகள்கள் நடுவில் ஏறி ஓரமாய் இறங்கும் சுழலோட்டமே காரணமாகலாம் என்று நைட், ஜேகர், நாகல் என்ற ஆய்வாளர்கள் 1993இல் காட்டிவிட்டார்கள். அதையும் கொழிப்பு என்றால் மாணவர் குழம்புவார்.

எனவே பொது நிகழ்வுக்குப் 'பருமப் பிரிகை', இடுக்கில் விழும் வழிக்கு மட்டும் 'கொழிப்பு' என்று வைப்போம். சமன்பாட்டில் சிறியவை இறங்கும் வேகத்துக்கு 'கொழிவேகம்' சரியாக வருமா?