செல்பேசி நாட்காட்டியை விட்டு நோட்டுக்கு வந்த கதை

இளங்கலை முடியும் வரை என் வகுப்பு நேரம், அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாள், தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி எல்லாமே செல்பேசியின் நாட்காட்டிச் செயலியில்தான் இருந்தன. முதுகலை வேதியியலில் சேர்ந்த பிறகு அவை அனைத்தையும் ஒரு நோட்டுக்கு மாற்றிக்கொண்டேன். செயலியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறித்த நேரத்துக்கு அது தவறாமல் மணி அடித்தது. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நின்றபடியே பேருந்தில் வரும் ஒருத்திக்கு, அரியாங்குப்பத்து நெரிசலுக்கு நடுவில் "ரெக்கார்டு எழுதி முடி" என்று மணி அடித்து என்ன பயன்? விரலால் தள்ளிவிட்டால் அந்த வரி கண்ணைவிட்டுப் போய்விடும். இரவு சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்காரும்போது, அதாவது உண்மையிலேயே எழுத முடிகிற நேரத்தில், அது எதிரில் இருக்காது.

நோட்டு வாங்கப் போனபோதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் டைரிகள் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகின்றன; கல்லூரி ஆண்டோ ஆண்டின் நடுவில் தொடங்குகிறது. திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், "ஜூலை மாசம் டைரிக்கு நான் எங்கம்மா போறது? லாங் சைஸ் நோட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு நீயே கோடு போட்டுக்கோ" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த யோசனைகளில் மிகவும் உதவியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு பருவத்துக்குத் தேர்வுக் காலத்தையும் சேர்த்து இருபது வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு இரண்டு பக்கமாக 40 பக்கம் போதும். 96 பக்க நோட்டில் இரண்டு பருவங்களும் அடங்கி, மாதக் கட்டங்கள் வரைய இடமும் மிஞ்சும்.

எதிரெதிரான இரண்டு பக்கங்கள் எனக்கு ஒரு வாரம். இடப்பக்கத்தில் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள்; அவற்றில் நாள் மாறாத இன்டர்னல் தேர்வு, வைவா (வாய்மொழித் தேர்வு), கட்டணக் கெடு ஆகியவை மட்டும் இடம்பெறும். வலப்பக்கத்தில் அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைகளை நாள் குறிக்காமல் எழுதுவேன். நோட்டைத் திறந்தவுடன் வாரத்தின் கனம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். செல்பேசியின் சிறிய திரையில் ஒரு நாளைப் பார்த்தால் மறுநாள் மறைகிறது. வாரத்தைப் பார்த்தாலோ எழுத்துகள் வெட்டுப்பட்டு வெறும் வண்ணக் கோடுகள்தான் மிஞ்சுகின்றன.

முடியாத வேலைகளை ஞாயிறு மாலையில் அடுத்த வாரத்துக்குக் கையால் பெயர்த்து எழுதுகிறேன். இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. செயலியில் ஒரு வேலையைத் தள்ளிப்போட ஒரு தொடுகை போதும். எத்தனை முறை தள்ளினோம் என்பது மனத்தில் பதிவதே இல்லை. நோட்டில் அப்படி நடக்காது. "என்.எம்.ஆர். கணக்குகள் 20" (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற வேதியியல் பாடப் பகுதியின் கணக்குகள்) என்ற வரியை இரண்டு வாரம் பெயர்த்து எழுதிவிட்டு, மறுபடியும் எழுதப் போகும்போது கை தானாகவே நின்றுவிட்டது. அந்த வரி ஏன் நகரவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். ஒரே மூச்சில் இருபது கணக்குகளைப் போட எனக்கு நேரமே கிடையாது என்பது விளங்கியது. அதை அடித்துவிட்டு, நான்கு நாட்களுக்கு ஐந்தைந்தாகப் பிரித்து எழுதினேன், வியாழக்கிழமைக்குள் முடிந்துவிட்டது. எழுதும் சிரமம்தான் அந்த யோசனையை வரவழைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் இதற்கு நெருக்கமான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 29 வயது வரையிலான 48 பேர், ஓர் உரையாடலில் வரும் நிகழ்ச்சிகளையும் தேதிகளையும் காகித நாட்குறிப்பு, டேப்லெட், செல்பேசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் குறித்துக்கொண்டார்கள். காகிதத்தில் எழுதியவர்களுக்கு ஏறத்தாழ 11 நிமிடமும், டேப்லெட்டில் 14 நிமிடமும், செல்பேசியில் 16 நிமிடமும் ஆயின. ஒரு மணி நேரம் கழித்து அவற்றை நினைவுகூர்ந்தபோது, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட மூளைப் பகுதிகள் காகிதக் குழுவினரிடம் கூடுதலாக இயங்கின. 48 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆயினும், காகிதத்தில் எழுதியதற்குப் பக்கத்தில் நிலையான ஓர் இடம் உண்டு என்று அவர்கள் கூறும் விளக்கம் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது; வைவா என்றைக்கு என்று கேட்டால் தேதிக்கு முன்பாக, இடப்பக்கத்தின் கீழ்மூலைக் கட்டம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கடலூரில் வசித்துப் புதுச்சேரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய இரண்டும் புதுச்சேரிக்கு உரிய அரசு விடுமுறைகள். 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய நாள் நவம்பர் 1; 1962-இல் அது சட்டப்படி உறுதியான நாள் ஆகஸ்ட் 16. என் செல்பேசியில் இருந்த இந்திய விடுமுறைப் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. கடலூரில் படிக்கும் தோழிகளுக்கும் அவை சாதாரண நாட்கள்தான். மாதக் கட்டம் வரையும்போதே இரண்டு ஊர்களின் விடுமுறைகளையும் வெவ்வேறு நிறத்தில் குறித்துவிடுகிறேன்.

காகிதத்துக்கும் குறை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பகுதியில் மின்சாரம் போய் செல்பேசி அணைந்துவிட்டாலும், டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்து எந்தத் தேர்வு எப்போது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் பையில் இறங்கிய ஈரத்தில், மை பேனாவால் எழுதிய வரிகள் ஊறிப் பரவிவிட்டன. பால்பாயின்ட் எழுத்துக்கு எதுவும் ஆகவில்லை. அதிலிருந்து பால்பாயின்டில் மட்டுமே எழுதுகிறேன். நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறேன். ஞாயிறுதோறும் புதிய பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலைப் பேருந்துக்கு எழுப்பும் வேலையும் இன்னும் செல்பேசிக்குத்தான்.

நர்சிங் படிக்கும் என் தங்கைக்கு இந்த வாரப் பக்கம் ஒத்துவரவில்லை. அவளுக்கு டியூட்டி நேரம் அடிக்கடி மாறுவதால், நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே டியூட்டி நேரத்தையும் கீழே படிப்பையும் எழுதுகிறாள். அதற்கு 96 பக்கம் போதாது. 192 பக்க நோட்டு வாங்கிக்கொண்டாள்.