புகை சீனாவில, புண்ணியம் எங்கட கூரையிலயோ?

வெள்ளவத்தை வாசி:
பக்கத்து வீட்டுக்காரர் 5 கிலோவாட் சோலார் பூட்டினவர். பூட்டின நாளில இருந்து கேற்றடியில கண்டாலும் பூமியைக் காப்பாத்தின கதைதான். அந்தப் பெனல் என்ன வானத்தாலயோ விழுந்தது? குவார்ட்ஸ் கல்லைக் கரியோட போட்டு 1,900 பாகைக்கு மேல சூடாக்கித்தான் சிலிக்கன் எடுக்கிறது. பெரும்பாலும் சீனாவில; அங்க கரண்டில பாதிக்கு மேல நிலக்கரி.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணே, புகையே இல்லைன்னு யாரும் சொல்லல தானே. அளவைப் பாருங்க. 2014ல ஐபிசிசி, அதான் ஐநாவோட காலநிலைக் குழு, போட்ட கணக்கு, செய்றதுல இருந்து கழட்டுற வரைக்கும் எல்லாம் சேர்த்து: கூரை சோலார் யூனிட்டுக்கு 41 கிராம் காபனீரொட்சைட்டு, நிலக்கரி 820. சீனத்துப் புகைக்குன்னு இரண்டு மடங்கு போட்டாலும் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துக்குக் கிட்ட வராது.

வெள்ளவத்தை வாசி:
அதே பட்டியலில நீர் மின்சாரத்துக்கு 24 தம்பி. லக்சபான நீர்மின் நிலையம் ஓடேக்க உங்கட சோலார் ஆரைத் தள்ளுது? தண்ணியைத்தானே?

பழைய கிரிட்காரன்:
தள்ளின தண்ணீர் எங்கே போகும்? காசல்றீ நீர்த்தேக்கத்தில் நிற்கும். இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு லைட்டும் ரைஸ் குக்கரும் ஏறும்போது திறந்துவிடலாம், களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் அவ்வளவுக்கு எண்ணெய் மிச்சம். நீர்த்தேக்கம் வான் பாய்கிற நாட்களில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. என்னைக் கேட்டால் உற்பத்திப் புகையை விட, பூட்டிய பெனல் சும்மா கிடப்பதுதான் கவலை. 2025 சித்திரை விடுமுறையில் பாவனை இறங்கி, கூரை சோலாரைப் பகலில் நிறுத்தச் சொன்னார்களே? அந்த 41 கிராம், ஆயுள் முழுக்க வருகிற யூனிட்டுக்குப் பங்கு பிரித்த கணக்கு. யூனிட் குறைந்தால் கிராம் ஏறும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அதுக்குத்தான் பேட்டரி வைக்கச் சொல்றது.

வெள்ளவத்தை வாசி:
பேட்டரி செய்யிற புகையை ஆர் எண்ணுறது?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
எண்ணுங்க அண்ணே, வேணாம்னா சொன்னேன்? நிலக்கரிக் கப்பல் வர்ற புகையையும் சேர்த்து எண்ணுங்க.

தெஹிவளை அக்கா:
நீங்கள் கிராமிலயே நில்லுங்கோ. எங்கட கூரையில தேங்காய் விழுந்து ஒரு பெனல் சிலந்தி வலை மாதிரி வெடிச்சுப் போச்சு. பூட்டின ஆக்கள் புதுசுக்கு விலை சொன்னவை. பழசைக் கொண்டுபோங்கோ எண்டா மூச்சில்லை. பழைய இரும்புக்காரர் அலுமினியச் சட்டத்தை மட்டும் கழட்டிக்கொண்டு போட்டார். கண்ணாடி எட்டு மாசமா கிணத்தடிச் சுவரில சாத்தினபடி. கொழும்பில அதை ஆரும் எடுப்பினமோ?