பாலத்து ஏற்றத்தில் கழன்று விழும் செயின்: ஒரு கண்ணி வெட்டினால் எட்டவில்லை, வெட்டாவிட்டால் தொங்குகிறது

பாம்பன்_மிதி:
மண்டபத்துக் காயலான் கடையில் கிடந்த கியர் சைக்கிள் ஃபிரேம் ஒன்றை வாங்கி, கியரையெல்லாம் கழற்றிவிட்டு, முன்னால் 42 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் என்று நானே மாற்றிக் கட்டினேன். செயின் அப்பாவின் பழைய வண்டியிலிருந்து எடுத்தது. தினமும் பாலம் ஏறி பாம்பனுக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் ஒன்றுமில்லை. சாயங்காலம் கச்சான் காற்று முகத்தில் அறைய, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் கழன்று விழுகிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது குனிந்து செயின் மாட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சு உட்காரும் வெட்டு கீழ்நோக்கி நேராக இருப்பதால் சக்கரத்தைப் பின்னால் இழுக்கவும் வழியில்லை. என்ன செய்யலாம்?

தொண்டி_ஸ்பேனர்:
அரைக்கண்ணி என்று தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கணக்கு இதுதான்: முழுக்கண்ணி 1 அங்குலம், அதை எடுத்தால் அச்சு அரை அங்குலம் முன்னால் வர வேண்டும், உங்கள் ஃபிரேமில் அது நடக்காது. அரைக்கண்ணி எடுத்தால் அச்சு நகர வேண்டியது கால் அங்குலம்தான். பின்னால் ஒரு பல் கூட்டினால் அரைக்கால் (1/8) அங்குலம். 18ஐ எடுத்துவிட்டு 19 போட்டாலும் கொஞ்சம் இறுகும்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, வெட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்க. அப்பா வண்டிச் செயின் என்கிறீர்கள், உப்புக்காற்றில் எத்தனை வருஷம் ஓடியதோ! செயின் இழுபட்டு நீள்வதில்லை, கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் தேய்ந்துதான் நீள்கிறது. ஊசிக்கு ஊசி அரை அங்குலம், அதனால் 24 இடைவெளிக்கு சரியாக 12 அங்குலம் இருக்கணும். 12க்கு மேல் அரைக்கால் அங்குலம் ஓடியிருந்தால் அந்தச் செயின் முடிந்தது, அதோடு ஓடிய பல்லும் தேய்ந்திருக்கும். உங்கள் வண்டிக்கு மொத்தச் செயின் 50 அங்குலம் பக்கம் வரும், அந்தக் கணக்கில் அரை அங்குலம் சும்மா தொங்குகிறது. அதுதான் நீங்கள் தேடும் அரைக்கண்ணி!

இன்னொன்று. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு கிராங்கை மெதுவாகச் சுற்றுங்க. ஓரிடத்தில் இறுகி, எதிர்ப்பக்கம் தொங்கினால் கிராங்கில் இருக்கும் முன் பல்சக்கரம் மையத்தில் இல்லை. போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, இறுகும் பக்கத்தை மரக்கட்டையால் லேசாக உள்ளே தட்டி, மறுபடி சுற்றிப் பார்த்து இறுக்கணும். ரிவெட் அடித்த பல்சக்கரமாக இருந்தால் இது நடக்காது. சுற்றும்போது விரலை விட்டுவிடாதீங்க, எனக்கு ஒரு நகம் போயிருக்கு.

தனுஷ்கோடி_மணல்:
கழற்றிய பின் டெரெய்லரை, அதாவது செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் பின்பக்கக் கருவியை, எறிந்துவிடவில்லையே? அதையே திரும்ப மாட்டி, எல்லை ஸ்க்ரூவைத் திருகி ஃப்ரீவீலுக்கு நேராக நிறுத்தினால் அதன் ஸ்பிரிங் தொங்கலை இழுத்துக்கொள்ளும். அழகு போகும், மணலும் அந்தக் குட்டிச் சக்கரங்களில் ஏறும், ஆனால் செலவில்லை. அப்புறம் கியர் செட்டின் முன் பல்சக்கரத்தில் செயின் தாவுவதற்கென்றே சில பற்களைக் குட்டையாகவும் சரிவாகவும் வெட்டியிருப்பார்கள். செயினில் தொங்கல் இருந்தால் அதுவே கழற்றிவிடும். பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள், முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று.

தொண்டி_ஸ்பேனர்:
டெரெய்லரைத் திரும்ப மாட்டுவதற்கா கழற்றினார்? இருந்தாலும் காக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் நேராக வெட்டும் வேலைக்குப் போய்விட்டேன்.

பாம்பன்_மிதி:
காக்கா, அளந்தேன். 12க்கு மேல் அரைக்காலைத் தாண்டி நிற்கிறது. புதுச் செயின் வாங்கி அதே எண்ணிக்கையில் வெட்டி மாட்டினேன், 18 பல்லே போதும். முன் பல்சக்கரமும் ஒரு பக்கம் தள்ளித்தான் இருந்தது, மூன்று முறை தட்டி ஓரளவு சரிசெய்தேன். இப்போது செயினை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம்தான் ஆடுகிறது. நேற்று கழலவில்லை. ஆனால் நேற்று காற்றே இல்லை, அதனால் இன்னும் நம்பவில்லை.