கொலையாளியின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதலாமா?

கேள்வி: திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருபவள். போகும்போதும் வரும்போதும் பேருந்தில் கிடைக்கும் நேரத்தில்தான் என் வாசிப்பு நடக்கிறது. துப்பறியும் நாவல்களைப் பள்ளிப் பருவத்திலிருந்தே படிக்கிறேன். மந்திரமும் கற்பனை நாடுகளும் வரும் பெரிய மிகுபுனைவுத் தொகுதிகளுக்கு வந்து சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. இதுவரை எதையும் முறையாகக் குறித்து வைத்ததில்லை. படித்து முடித்த நாளுக்கு அடையாளமாக அன்றைய பேருந்துச் சீட்டைக் கடைசிப் பக்கத்தில் செருகி வைப்பது மட்டுமே என் வழக்கம். அண்மையில் அலமாரியைத் துடைத்தபோது அவற்றை எடுத்துப் பார்த்தேன். நடத்துநர் கருவியில் அச்சிட்டுத் தந்த சீட்டுகளில் எழுத்தெல்லாம் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகக் கிடக்கின்றன.

குறிப்பேடு வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் ஒரு துப்பறியும் நாவலை வாங்கினேன். ஏறத்தாழ அறுபதாம் பக்கத்தில், கிணற்றடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது என்றும், அது இடது காலுக்குரியது என்றும் ஒரு வரி வந்தது. அதைப் படித்த கணத்தில், இந்த நாவலை நான் முன்பே படித்திருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது. பழைய மாத நாவல் ஒன்றைப் புதிய தலைப்பும் புதிய அட்டையுமாக வெளியிட்டிருக்கிறார்கள். செருப்பு நினைவுக்கு வந்ததே தவிர, கொலை செய்தது யார் என்பது கடைசி அத்தியாயம் வரை நினைவுக்கு வரவில்லை.

இப்போது குறிப்பேடு தொடங்க நினைக்கிறேன். தொடங்கும்போதே தயக்கங்கள் எழுகின்றன. முடிவை எழுதி வைத்தால், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிடுவாள். அவளும் இதே நாவல்களைப் படிக்கிறவள். எழுதாமல் விட்டால், ஐந்தாண்டு கழித்து எனக்கே அந்தக் குறிப்பு பயன்படாது. மிகுபுனைவில் சிக்கல் வேறு. அடுத்த பாகம் கைக்கு வருவதற்குள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகிறது. நோட்டில் எழுதுவதா, கணினியில் எழுதுவதா என்றும் முடிவு செய்யவில்லை. பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறவர்கள் தங்கள் முறையைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

அம்மா, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. உங்களை அறுபதாம் பக்கத்தில் தடுத்து நிறுத்தியது கதைச் சுருக்கம் அன்று. இடது காலுக்குரிய அந்தச் செருப்பு. குறிப்பேடு எழுதத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் கதையைப் பத்து வரியில் சுருக்கி எழுதுகிறார்கள். அந்தப் பத்து வரியை மூன்றாண்டு கழித்துப் படித்தால், அது வேறு நாற்பது நாவல்களுக்கும் பொருந்தும். பணக்காரர் இறந்தார், உறவினர்மேல் ஐயம் விழுந்தது, துப்பறிபவர் உண்மையைக் கண்டார் என்பதில் எந்த நாவல் தனித்துத் தெரியும்? மனம் எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அந்தப் பொருளைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும்.

நூலக எண் இதற்கு உதவாது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூவி தசமப் பகுப்பில் ஆங்கிலப் புனைகதை 823 என்ற எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் அமையும். அந்த எண்ணை மட்டும் பார்த்து, எது துப்பறியும் நாவல், எது குடும்ப நாவல் என்று சொல்ல முடியாது. எனக்குக் கைகொடுத்தது எஸ். ஆர். ரங்கநாதனின் வழி. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான அவர், தம்முடைய கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். அம்முறை வளர்ந்தபோது, எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று வகுத்தார்: மையமாக நிற்பது, அது எதனால் ஆனது, அதில் நிகழும் செயல், இடம், காலம். இதைத் துப்பறியும் நாவலுக்குப் பொருத்தியது நான்தான். அவர் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். மையமாக நிற்பவர் துப்பறிபவர். பொருள் என்ற இடத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் பண்டத்தை எழுதுவேன்: செருப்பு, மருந்துச் சீட்டு, நின்றுபோன கடிகாரம். செயல் என்பது கொலையா, கடத்தலா, போலிக் கையெழுத்தா என்பது. பிறகு கதை நடக்கும் ஊரும் காலமும். ஐந்து முகமும் ஐந்து வரியில் அடங்கும். இரண்டு நாவல்களுக்கு ஐந்தும் ஒன்றாக அமைந்ததை நான் இதுவரை கண்டதில்லை.

இவற்றோடு மூலத் தலைப்பையும் முதற்பதிப்பு ஆண்டையும் பதிப்புரிமைப் பக்கத்தில் தேடி எழுதுங்கள். தலைப்பு மாறுவது நம் மாத நாவல்களில் மட்டும் நடப்பதன்று. அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1934இல் இங்கிலாந்தில் அப்பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 'மர்டர் இன் த காலே கோச்' என்ற பெயரில் வந்தது. அட்டையை மட்டும் நம்புகிறவர் இரண்டையும் வாங்கிவிடுவார்.

நூல் எங்கே கிடைத்தது என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் விடுமுறை நாள் முழுவதும் உட்கார்ந்து ஒரு நாவலை முடித்துவிட்டு எழுந்து வந்தால், அதற்கு உங்கள் அலமாரியில் சாட்சி ஏதும் இராது. குறிப்பேடு ஒன்றுதான் சாட்சி. அதை அலமாரியின் அடித்தட்டில் மட்டும் வைக்காதீர்கள்; இராமபாணப் பூச்சிக்கு அட்டையை ஒட்டிய பசை மிகவும் பிடிக்கும்.

மறுமொழி: கணக்காசிரியை, மேலூர்

முடிவைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. எழுதுகிற இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். கணக்குப் புத்தகத்தில் வினா முன்னே இருக்கும், விடைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். என் நோட்டும் அப்படித்தான். முன்புறத்தில் ஒவ்வொரு நாவலுக்கும் வரிசை எண் கொடுத்து, முடிவைத் தவிர மற்றதையெல்லாம் எழுதுகிறேன். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து அதே எண்ணின் கீழ் கொலையாளியின் பெயர், காரணம், வழி ஆகிய மூன்றையும் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு எதுவும் கெட்டுப்போவதில்லை.

அதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு. நாவலில் முக்கால் பாகம் முடிந்ததும் படிப்பதை நிறுத்தி, யார்மேல் ஐயம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டுத்தான் மேலே செல்வேன். முடித்த பிறகு எழுதினால் அந்த இரண்டு வரியும் உண்மையாக இராது. முடிவு தெரிந்த மனம் 'எனக்கு அப்போதே தெரியும்' என்று சொல்லத் தொடங்கிவிடும். ஒன்பது ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்தபோது, பரிவாகப் பேசும் குடும்ப மருத்துவர் எந்த நாவலில் வந்தாலும் நான் அவரைத்தான் ஐயுற்றிருக்கிறேன் என்பது தெரிந்தது. எழுத்தாளர்கள் அந்த மருத்துவரை எனக்காகவே அனுப்புகிறார்கள் என்று இப்போது புரிந்து படிக்கிறேன்.

முடிவு தெரிந்ததும், துப்பு எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று திரும்பிச் சென்று பக்க எண்ணைக் குறியுங்கள். அப்படி ஒரு பக்கம் கிடைக்காத நாவல்களும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் அதுவரை வராத ஒருவரைக் கொண்டுவந்து குற்றவாளி என்பார்கள். மதிப்பெண்ணோ நட்சத்திரமோ நான் போடுவதில்லை. துப்பு இருந்த பக்க எண்ணே எனக்கு மதிப்பெண்.

மறுமொழி: மிகுபுனைவு வாசகர், உசிலம்பட்டி

சகோதரி, மிகுபுனைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உறவு மறந்துபோகிறது என்றீர்கள். அதற்கு நம் மொழியிலேயே மருந்து இருக்கிறது. ஆங்கில மிகுபுனைவில் அரசனின் 'அங்கிள்' என்று வந்தால், நம் வாசகர் அதை அப்படியே கடந்துவிடுவார். குறிப்பேட்டில் தமிழில் எழுத உட்காரும்போது, அவர் தாய்மாமனா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்காகப் பழைய பக்கங்களைத் தேடியாக வேண்டும். அரியணைக்குப் போட்டியிடும் கதையில் இதுதான் முடிச்சே. தந்தைவழிச் சித்தப்பா என்றால் அவர் பங்காளி, பட்டத்தின்மேல் அவருக்கும் கண் இருக்கும். தாய்மாமன் என்றால் அவருடைய பலம் முழுவதும் மருமகன் அரியணையில் இருக்கும் வரைதான். ஒரு நாவலில் அரசனின் 'அங்கிள்' ஏன் காட்டிக்கொடுத்தார் என்பது விளங்காமல் இரண்டு பாகங்கள் படித்தேன். மூன்றாம் பாகத்துக்குமுன் உறவுமுறையைத் தமிழில் எழுதிப் பார்த்த அன்றுதான் காரணம் துலங்கியது.

அடுத்து எழுத வேண்டியது, அந்த உலகத்தில் மந்திரத்துக்கு என்ன விலை என்பது. செய்கிறவருக்கு இரத்தம் போகுமா, ஆயுள் குறையுமா, நினைவு அழியுமா? அது எந்தப் பாகத்தில், எந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது? அடுத்த பாகத்தில் ஆசிரியர் அந்த விதியை மீறினால் உங்கள் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்திய இடத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் ஊர்வாரியாக ஒரு வரியில் எழுதுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954இலும் 1955இலும் மூன்று தொகுதிகளாக வந்தாலும், டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் கருதினார். நான் அதற்கு ஒரே எண் கொடுத்து, மூன்று தேதிகளை எழுதியிருக்கிறேன். சி. எஸ். லூயிஸின் நார்னியா மிகுபுனைவு வரிசையில் முதலில் வெளிவந்தது 1950ஆம் ஆண்டின் சிங்கமும் சூனியக்காரியும் வரும் நூல். ஆனால் 1955இல் வந்த, கதைக்காலத்தில் முந்திய நூலுக்குப் பிற்காலப் பதிப்புகளில் முதல் எண் கொடுத்துவிட்டார்கள். ஆகவே, முதுகட்டையில் உள்ள எண்ணை நம்பாமல், வெளியான ஆண்டையும் நீங்கள் படித்த வரிசையையும் தனித்தனியாக எழுதுங்கள். சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர் கணேஷ், 1968இல் 'நைலான் கயிறு' தொடரில், பிற்காலக் கதைகளில் உடன்வரும் வசந்த் இல்லாமல் தனியாக வருவதைப் பின்னால் படித்தவர்களுக்கு, இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது தெரியும்.

மறுமொழி: கணினித் துறை, மதுரை

அக்கா, நோட்டில் எழுதுங்கள்; தேடுவதற்காகத் தலைப்பு, ஆசிரியர், எண் ஆகிய மூன்றை மட்டும் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது ஒரு பிழையைக் கவனிக்க வேண்டும். 'சௌ' என்ற எழுத்தைச் சகரத்தோடு ஔகாரக் குறி சேர்த்து அடிப்பது ஒரு வகை. 'செ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். என் அட்டவணையில் ஒரே எழுத்தாளர் இப்படி இரண்டு பேராகப் பிரிந்து நின்றார். அதை அறியாமல் அவருடைய நூல் ஒன்றை நான் மறுபடியும் வாங்கினேன். கிறிஸ்டி, கிறிஸ்தி என்ற பெயர் வேறுபாடும் அப்படித்தான். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்ற எழுத்து 'ர'வுக்கு அடுத்தும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசியில் வருபவை. ஆகவே, கணினி அந்த எண் வரிசையில் அடுக்கி, அகரவரிசை தவறாக அமைந்தால் உங்கள் தட்டச்சைக் குறை சொல்லாதீர்கள். அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்த சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியக்கூடும். தரவுப் பகுதியின் வழியாக உள்ளே கொண்டுவந்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றை வாங்கி நேற்றிரவு தொடங்கிவிட்டேன். எண் 1 அந்த நாவல்தான். முதல் வரி: கிணற்றடியில் இடது காலுக்குரிய ஒற்றைச் செருப்பு, பக்கம் 60. அதற்குக் கீழே பழைய தலைப்பு, புதிய தலைப்பு, துப்பறிபவர், ஊர், இரண்டு முறை படித்த ஆண்டுகள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் கொலையாளியின் பெயரையும் எழுதினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. செருப்பு ஏன் இடது காலுக்குரியதாக இருக்க வேண்டும் என்பதற்கான காரணம், பதினேழாம் பக்கத்தில் ஒருவர் படியேறும் விதத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு முறை படித்தும் அதை நான் கவனிக்கவில்லை. அந்தப் பக்க எண்ணையும் பின்புறத்தில் சேர்த்துவிட்டேன்.

காலையில் என் மகள் முன்பக்கத்தைப் படித்துவிட்டு நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முக்கால் பாகம் வந்ததும் அவளுடைய ஐயத்தையும் எழுதட்டும் என்று, எண் 1இன் கீழ் நான்கு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.