பலாத்தோப்புக்கு நடந்து போக வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வரும் ஞாயிறு விடியற்காலையில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டிப் பக்கமுள்ள எங்கள் தாத்தாவின் பழைய பலாத்தோப்புக்கு நானும் தம்பியும் நடந்தே போகிறோம். சுமார் 25 கிலோமீட்டர். பஸ் இருக்கிறதே என்று அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார். நீங்களும் கேட்க வேண்டாம்.

2011-இல் வந்த 'தானே' புயலில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. தப்பிய கிழட்டு மரம் ஒன்றில் வேருக்கருகிலேயே காய் தொங்கும். தாத்தா விரலால் தட்டி, 'தொப்'பென்று கேட்டால்தான் அறுப்பார்.

கெடில ஆற்றின் கரையோரமாகவே திருவதிகை வரை நடக்க முடியுமா? முட்புதர் மறித்தால் எங்கே சாலையில் ஏறுவது? நெல்லிக்குப்பம் தாண்டினால் வழியில் குடிதண்ணீர் கிடைக்குமா? திரும்பும்போது பஸ்தான், பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு நடக்கத் தம்பி சம்மதிக்கவில்லை.