5ஜி போட்டால் ஆலை வாசலில் லோரி வரிசை குறையுமா?

கேள்வி: லாபிஸ்_ரேம்ப்

வணக்கம். மலேசியாவின் ஜொகூரில், லாபிஸ் வட்டாரத்தில் இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்காகக் கேட்கிறேன். ஆலையின் திறன் மணிக்கு 45 டன். சொந்தத் தோட்டம் மூன்று. அதோடு சிறுதோட்டக்காரர்களிடம் குலை வாங்கி ஏற்றி வரும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். நாளுக்கு 60 லோரி, ஒவ்வொன்றிலும் சுமார் 10 டன். அதில் பாதி லோரி மாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில்தான் வருகிறது, வரிசை கேட்டைத் தாண்டிப் பெரிய ரோடு வரை நிற்கிறது.

லோரி டிராக்கர், நிறுவை மேடைக் கேமரா, தோட்டத்துக் கிராணிகளுக்கு (எழுத்தர்களுக்கு) கையடக்கக் கருவி எல்லாவற்றையும் 5ஜிக்கு மாற்றினால் இது தீரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். பட்டணத்தில் 5ஜி கிடைக்கிறது. தோட்டத்துக்குள் பல பிளாக்கில் (தோட்டப் பகுதியில்) கைப்பேசி லைனே கிடையாது. எதற்கு 5ஜி வேண்டும், எதற்கு 4ஜி போதும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நிறுவைமேடை

வணக்கம் அண்ணா. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மூன்று மணி நேரத்தில் 30 லோரி. ஒவ்வொன்றையும் சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை நிறுக்க வேண்டும். ஆக 60 நிறுவை, கையில் இருப்பது 180 நிமிடம். ஒரு நிறுவைக்கு 3 நிமிடத்துக்கு மேல் போனாலே வரிசை வளரும். 4 நிமிடம் ஆனால் 7 மணிக்கு முடிய வேண்டியது 8 மணிக்கு முடியும், பின்னால் நிற்கும் குலை அத்தனையும் காத்துக் கிடக்கும்.

அந்த 4 நிமிடம் எதில் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். லோரி மேடையேறி எடை நிலைக்கு வரச் சில வினாடிகள் போதும். மீதி நேரம் கிராணி வண்டி எண், தோட்டக் குறியீடு, பிளாக், குலை எண்ணிக்கை, ஓட்டுநர் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தட்டுவதில் போகிறது. அவ்வளவும் லோரி தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்த விவரம். அது லோரிக்கு முன்னால் ஆலைக்கு வந்து சேர்ந்துவிட்டால் கிராணி வண்டி எண்ணைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால் போதும், ஒரு நிறுவை 2 நிமிடத்துக்குள் முடியும். அந்த விவரம் மொத்தமே சில நூறு பைட். இதற்கு 5ஜி தேவையே இல்லை, 4ஜியில் வந்தாலும் லோரிக்கு வெகுநேரம் முன்பே வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுவை மென்பொருள் முழுக்க இணையத்தில் ஓடுவதாக இருந்தால் வாங்க வேண்டாம். எடைகாட்டி ஆர்எஸ்-232 என்ற தொடர்புக் கம்பியில் நேராக அங்கேயே இருக்கும் கணினிக்கு வர வேண்டும், பதிவும் அந்தக் கணினியிலேயே சேர வேண்டும். மேலே அனுப்புவதெல்லாம் பிறகு. இல்லாவிட்டால் மழையில் லைன் போன அன்றைக்கு நிறுவையே நின்றுபோகும்.

நிறுவையை வேகமாக்கினாலும் ஆலை மணிக்கு 45 டன்தானே ஆட்டும்? மூன்று மணி நேரத்தில் வருவது 300 டன், ஆட்டுவது 135. மீதி 165 டன் ரேம்ப்பில் (குலை கொட்டும் மேடையில்) குவியும். அடிபட்ட பழத்தில் லிப்பேஸ் நொதி வேலை செய்யத் தொடங்கியதும் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், நீராவியில் அவிக்கும்போதுதான் அது நிற்கும். கச்சா செம்பனை எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். காலையில் வெட்டியதை மதியத்துக்குள் ஒரு நடை ஏற்றி அனுப்பத் தோட்டங்கள் ஒத்துக்கொள்ளாத வரை எந்த அலைக்கற்றையாலும் மாலை நெரிசல் கரையாது. ஆனால் எந்த பிளாக்கில் எத்தனை குலை அடுக்கியாயிற்று என்று காலை 11 மணிக்கே ஆலைக்குத் தெரிந்தால் லோரியை அங்கே முன்கூட்டித் திருப்பிவிட முடியும். வேகமான வலையமைப்பால் உண்மையில் மாறுவது இந்த இடம்தான்.

பதில்: அலைக்கம்பம்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். லைன் விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

2023 இறுதியில் மலேசியாவில் 5ஜி 80 விழுக்காட்டை எட்டியது என்றால், அது மக்கள் குடியிருக்கும் பகுதிகளின் கணக்கு. செம்பனை பிளாக் அதில் வராது. அதோடு 5ஜியின் வேகம் பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸில்தான் கிடைக்கிறது. வளர்ந்த மரங்களின் ஈர மட்டை அந்த அலையை நன்றாக விழுங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் விற்பனையாளர் காட்டும் வேகம் அதில் வராது.

டிராக்கர்: 30 வினாடிக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 100 பைட் என்று வைத்தால் நாளுக்கு 2,880 பதிவு, 0.3 மெகாபைட்கூட வராது. 4ஜி கேட்-1 (குறைந்த வேக 4ஜி வகை) கருவி தாராளமாகப் போதும், 2ஜிக்கும் இறங்கக்கூடியதாக வாங்குங்கள். 3ஜியை 2021 இறுதியில் மூடியாயிற்று, ஆகவே பழைய இருப்பில் மலிவாகக் கிடைக்கும் 3ஜி கருவிகளைத் தொடாதீர்கள். வேகத்தைவிட உள்நினைவகம் முக்கியம். லைன் இல்லாத பிளாக்கில் சில ஆயிரம் பதிவுகளைச் சேர்த்து வைத்து, ரோட்டுக்கு வந்ததும் அனுப்ப வேண்டும். லோரி மின்சாரம் 24 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம், 12 வோல்ட் கருவியை மாட்டிவிட்டுப் பிறகு டிராக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேமரா: இங்கேதான் 5ஜிக்கு வேலை இருக்கிறது. 1080பி படம், எச்.265 சுருக்கம், கேமராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நான்கு கேமராவுக்கு 8 மெகாபிட் இடைவிடாமல் மேலே போக வேண்டும். விற்பனையாளர்கள் காட்டுவது பதிவிறக்க வேகம். உங்களுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம், அதுவும் மாலை 5 மணிக்கு எல்லாரும் கைப்பேசியில் இருக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் ஒரு வாரம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

நேரலை அவசியமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். வீடியோவை ஆலையிலேயே ரிக்கார்டரில் வைத்துவிட்டு, ஒரு நிறுவைக்கு மூன்று படம் மட்டும் அனுப்பலாம்: வண்டி எண், சுமையின் மேல்பக்கம், ஓட்டுநர். படம் 200 கிலோபைட் என்றால் மூன்றும் 600 கிலோபைட், 1 மெகாபிட் லைனிலேயே 5 வினாடியில் போய்விடும்.

பதில்: செம்பனை_பிளாக்

வேகத்தால் தரமும் மாறும், அதை யாரும் சொல்லவில்லை. ரேம்ப்பில் குலையைக் கொட்டித் தரம் பார்க்கும்போது பழுக்காத குலை தனியாகத் தெரியும்: கருமை கலந்த ஊதா நிறம், பழம் உதிர்ந்த குழி ஒன்றுகூட இருக்காது. பழுத்த குலையில் குறைந்தது 10 புதுக் குழியாவது இருக்க வேண்டும். முன்பு இந்தக் குறை தாளில் எழுதப்பட்டு, சில நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போகும். அதற்குள் மண்டோரும் (மேற்பார்வையாளரும்) வெட்டும் ஆட்களும் வேறு பிளாக்குக்குப் போயிருப்பார்கள். இப்போது குழி தெரியும்படி ஒரு படத்தை, பிளாக் எண்ணோடு, அதே மணி நேரத்தில் மண்டோரின் கைப்பேசிக்கு அனுப்பலாம். மறுநாள் காலை அதே ஆட்களிடம் படத்தைக் காட்டிப் பேசலாம். என்னைக் கேட்டால் முதல் காசை இதில்தான் போடச் சொல்வேன்.

அடுத்தது கையடக்கக் கருவி. லைன் இல்லாமலே முழுசாக வேலை செய்ய வேண்டும். சீட்டு எண்ணைக் கருவியே உண்டாக்கட்டும்: கருவி எண், தேதி, வரிசை எண். சர்வர் எண் தரும் வரை காத்திருக்கும் மென்பொருள் பிளாக்குக்குள் உறைந்து நிற்கும். லைன் பாதியில் அறுந்தால் கருவி அதே சீட்டைத் திரும்ப அனுப்பும். எண் ஒன்றாக இருந்தால் சர்வர் இரண்டாவதை ஒதுக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் ஒரே லோரி இரண்டு முறை பதிவாகி மாதக் கடைசியில் எடைக் கணக்கு இடிக்கிறது. நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுங்கள், கைப்பேசிக் கடிகாரத்தை யாரும் மாற்றலாம்.

வியாபாரிகளின் குலையில் இன்னொரு சிக்கல். எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெய்க்கு அவர்களின் காடழிப்புச் சட்டம் நிலத்தின் இருப்பிடத்தைக் கேட்கிறது: அட்சரேகை, தீர்க்கரேகை ஆறு தசம இடம் வரை, 4 ஹெக்டருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலமாக இருக்கக் கூடாது. வியாபாரியின் ரேம்ப்பில் பத்து பேர் குலையை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த டிராக்கராலும் பிரிக்க முடியாது. கலப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய எடையையும் நிலத்தையும் அங்கேயே பதிய வேண்டும். வியாபாரியின் ரேம்ப் பெரும்பாலும் ரோட்டோரம்தான், 4ஜி கிடைக்கும். அவருக்கு ஒரு கருவியும் சின்னத் தராசும் கொடுப்பது ஆலைக்கு லாபம்.

லாபிஸ்_ரேம்ப்

எல்லாருக்கும் நன்றி. மூன்று படம் அனுப்பும் யோசனை சரியாகப் படுகிறது. ஆனால் நிறுவை அறைக்குள் 4ஜி ஆர்எஸ்ஆர்பி (அலை வலிமை) −112 டிபிஎம் காட்டுகிறது. கூரைமேல் 15 மீட்டர் கம்பம் நட்டு, அங்கிருந்து ஆண்டெனா கம்பியைக் கீழே ரவுட்டருக்கு இழுக்கலாமா?

பதில்: அலைக்கம்பம்

கம்பம் சரி, கம்பி இழுப்பது சரியில்லை. மெல்லிய ஆண்டெனா கம்பியில் 15 மீட்டர் என்றால் உயரத்தில் கிடைத்த அலையில் பெரும்பகுதி கம்பியிலேயே போய்விடும். மழைக்குத் தாங்கும் வெளிப்புற ரவுட்டரையே கம்பத்தின் உச்சியில் மாட்டி, கேட்-6 கம்பியில் மின்சாரமும் டேட்டாவும் சேர்த்து இறக்குங்கள். 100 மீட்டர் வரை டேட்டா சிக்கலில்லாமல் வரும்.

மாட்டுவதற்கு முன் 5, 10, 15 மீட்டர் உயரத்தில் அளந்து பாருங்கள். −95-க்கு மேல் வந்தால் நல்லது. அதோடு சைனர் (இடைஞ்சலோடு ஒப்பிட்ட அலையின் அளவு) 10-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் சைனர் 0 என்றால் பக்கத்துக் கோபுரம் இடைஞ்சல் செய்கிறது, திசை ஆண்டெனாவைச் சற்றுத் திருப்ப வேண்டும். மழை விட்ட கையோடு ஒருமுறை அளக்கத் தவறாதீர்கள்.

இடி விழும் ஊர் நம்முடையது. கம்பத்தை எர்த் செய்யுங்கள், எர்த் 10 ஓமுக்குள் இருக்கட்டும். கேட்-6 கம்பி அறைக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் (திடீர் மின்னழுத்த) தடுப்பான் போடுங்கள். அது இல்லாவிட்டால் மின்னல் கம்பி வழியாகக் கணினிக்கும், அங்கிருந்து ஆர்எஸ்-232 வழியாக எடைகாட்டிக்கும் போகும். ஆலை டர்பைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழும், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.

சிம் கார்டைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து நேராக ஆலைக் கேமராவைத் திறக்க முடியாது, சாதாரண சிம்முக்குப் பொது இணைய முகவரி தரமாட்டார்கள். ரவுட்டரிலிருந்து அலுவலகத்துக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) கட்டிவிடுங்கள். இரண்டு சிம் போடும் ரவுட்டராக வாங்கி, இரண்டையும் வேறு வேறு நிறுவனத்தில் எடுங்கள். ஆனால் அந்த இரண்டு நிறுவனமும் ஒரே கோபுரத்தில் இருந்தால் கோபுரத்தில் கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும், அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.